தாளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எட்சிங்குகளுக்கு எப்படி விலை மதிக்கிறார்கள்?

பழைய அமெரிக்க எட்சிங் (செப்புத் தகட்டில் வரைந்து தாளில் அச்செடுத்த படம்) ஒன்றைக் காட்டி, இது என்ன விலை போகும் என்று கேட்டால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் உடனே எண் எதையும் சொல்லமாட்டார். முதலில் சட்டத்தைக் கழற்றச் சொல்வார். படத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, மேசையில் வைத்து, முதல் வேலையாகத் திருப்பிப் போடுவார். 1880களில் அமெரிக்காவில் சட்டமிட்ட படங்களின் முதுகில் மெல்லிய மரப்பலகைகளை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பலகையோடு ஒட்டிக் கிடந்த தாளில், மரத்தின் ரேகையும் கணுவும் இரண்டு பலகைக்கு நடுவே உள்ள இடுக்கும் பழுப்பாக இறங்கியிருக்கும். அந்தக் கறை, தாள் பழையது என்பதற்கு நல்ல சாட்சி. அதே கறைதான் தாள் இத்தனை காலமும் மரத்தின் அமிலத்தைக் குடித்து நொய்ந்துபோயிருக்கிறது என்றும் சொல்கிறது. ஒரே கறை விலையை ஏற்றவும் செய்கிறது, இறக்கவும் செய்கிறது. அச்சோவியங்களை மதிப்பிடும் வேலை முழுக்கவே இப்படித்தான் நடக்கிறது.

வயதைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் எடுபடாது. 1885ஆம் வருடத்து எட்சிங் 50 டாலருக்கும் கிடைக்கும், 50,000 டாலருக்கும் போகும். ஓவியர் பெயரும் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒரே ஓவியர், ஒரே தகடு, ஒரே படம் என்றாலும் இரண்டு தாள்களுக்கு நடுவே பத்து மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். கேள்வி எப்போதும் கையில் இருக்கும் இந்த ஒரு தாளைப் பற்றியது. அது தகட்டிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது? யார் கை எடுத்தது? எந்தத் தாளில்? அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பிரதிகள் எடுத்தார்கள்? அப்புறம் இத்தனை வருடமும் அது எங்கே கிடந்தது?

இதற்கெல்லாம் விடை தேடுவதற்கு முன், கையில் இருப்பது என்ன வகை அச்சு என்று தெரிய வேண்டும். எட்சிங் என்பது செப்புத் தகட்டில் செய்யும் வேலை. தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசுவார்கள். ஓவியர் ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி வரைவார். தகட்டை அமிலத்தில் இறக்கினால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரித்துப் பள்ளமாகும். பிறகு பூச்சை எடுத்துவிட்டு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுப்பார்கள். பள்ளத்தில் நின்ற மை தாளில் ஏறிவிடும். அமிலமே இல்லாமல், கூர்மையான ஊசியால் செம்பை நேராகக் கீறுவது டிரைபாயிண்ட். அப்படிக் கீறும்போது உழுத சாலின் ஓரத்தில் மண் எழும்புவதைப்போலக் கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறில் மை பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு ஒரு வெல்வெட் மென்மை வரும். ஆனால் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும். சில பத்துப் பிரதிகளுக்குள் அந்த மென்மை போய்விடுகிறது. முதலில் எடுத்த பிரதிக்கும் கடைசியில் எடுத்த பிரதிக்கும் விலை வேறாக இருப்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

தகட்டை அழுத்தியதால் படத்தைச் சுற்றித் தாளில் ஒரு சதுரப் பள்ளம் விழும். தகட்டுத் தடம் என்று சொல்லலாம். இது இருந்தால் அசல் எட்சிங்தான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஃபோட்டோகிரேவர் ஏமாற்றும். 1880களில் பரவிய இந்த முறையில், புகைப்படத்தின் உதவியோடு ஒரு படத்தைச் செப்புத் தகட்டுக்கு மாற்றி, எட்சிங்கைப் போலவே அழுத்தி அச்சடித்தார்கள். தகட்டுத் தடம் அதிலும் விழும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசி ஓடிய கோட்டுக்குப் பதிலாக நுண்ணிய மணல் தூவியது போன்ற பரப்பு தெரியும். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அதைவிட எளிய கதை: ஏதோ ஒரு புத்தகத்திலிருந்தோ காலண்டரிலிருந்தோ வந்த இயந்திர மறுபதிப்பு. லென்ஸ் ஒன்று வாங்க ஆகும் செலவு சொற்பம். அதைக்கூட வாங்காமல் பெரிய தொகை கொடுத்துப் படம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, அசல் எட்சிங் என்று உறுதியாகிவிட்டது. பென்சில் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியும் ஏலத்தில் சில நூறு டாலருக்கு மேல் ஏன் போவதில்லை? இதற்கு அந்தக் காலத்துக் கதை தெரிய வேண்டும்.

1877 மே 2ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் ஜேம்ஸ் ஸ்மில்லி என்ற ஓவியரின் கூடத்தில் சுமார் இருபது பேர் கூடினார்கள். ஸ்மில்லி, ஸ்வெய்ன் கிஃபர்ட், மருத்துவரான லிராய் யேல் ஆகிய மூவரும் சேர்ந்து, எல்லோர் கண்முன்னே ஒரு சிறு தகட்டை உருவாக்கி அச்செடுத்துக் காட்டினார்கள். நியூயார்க் எட்சிங் கிளப் அப்படித்தான் பிறந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் செப்புத் தகடு என்றால் பண நோட்டு, நிலப்படம், புத்தகப் படம் என்று தொழில்முறைச் செதுக்குவோரின் வேலையாகத்தான் இருந்தது. ஓவியரே தன் கையால் வரைந்து தானே அச்செடுக்கும் கலையாக அது மாறியது இந்த அலையில்தான். பாஸ்டனில் சில்வெஸ்டர் கோலர் நடத்திய ‘அமெரிக்கன் ஆர்ட் ரிவ்யூ’ 1879 முதல் 1881 வரை வெளிவந்தது. அமெரிக்க ஓவியர்களின் அசல் எட்சிங்குகளை இதழோடு சேர்த்தே கொடுத்தார்கள். பிலடெல்பியா போன்ற ஊர்களிலும் சங்கங்கள் முளைத்தன. ஸ்டீபன் பாரிஷ், சார்லஸ் பிளாட், ஜோசப் பென்னல், மோரன் குடும்பத்தார் என்று ஒரு பெரிய தலைமுறையே ஊசியும் அமிலமுமாக உட்கார்ந்தது.

வியாபாரம் சும்மா இருக்குமா? நடுத்தர வீடுகளின் வரவேற்பறைச் சுவருக்கு எட்சிங் மாட்டுவது மோஸ்தராகிவிட்டது. பதிப்பாளர்கள் பெரிய பெரிய தகடுகளாகக் கேட்டார்கள். செம்புத் தகடு தேய்ந்துவிடும் என்ற பிரச்சினைக்கு 1850களிலேயே பிரான்சில் விடை கண்டிருந்தார்கள்: மின்முலாம் முறையில் தகட்டின் மேல் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றுவது. எஃகு முலாம் என்பார்கள். படலம் தேய்ந்தால் கரைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். ஆயிரக்கணக்கில் அச்சடித்தாலும் தகடு தாங்கும். கணக்கில்லாமல் அச்சடிக்கலாம் என்று ஆனபிறகு, அரிதானது என்ற எண்ணத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியதாயிற்று. ஒரே படத்தைப் பார்ச்மென்ட் தோலில் ஒரு விலைக்கும், ஜப்பானியத் தாளில் ஒரு விலைக்கும், சாதாரணத் தாளில் ஒரு விலைக்கும் விற்றார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் படகோ நாய்த் தலையோ தனியாக வரைந்து, அதற்கு ரிமார்க் என்று பெயர் வைத்து, அந்தப் பிரதிகளுக்குக் கூடுதல் பணம் வாங்கினார்கள். பென்சில் கையெழுத்தும் ஓவியர்களின் பழக்கமாகப் பரவியது இந்தப் பத்தாண்டில்தான். நூற்றுக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். அதனால், கையெழுத்து இருக்கிறது என்பது அந்தக் காலத்துப் படத்துக்கு ஒரு நல்ல அடையாளம் மட்டுமே. அதுவே தனிச்சொத்து ஆகிவிடாது. இன்னொன்று: 12/100 என்பது போலப் பிரதி எண் போடும் வழக்கம் அப்போது அமெரிக்காவில் பரவலாக இல்லை. 1880களின் படம் என்று சொல்லி அப்படி எண்ணோடு ஒரு தாள் வந்தால், பிற்காலத்தில் எடுத்த பிரதியோ என்று சந்தேகப்பட வேண்டும்.

சந்தை நிரம்பி வழிந்தது. 1890களின் நடுவுக்குள் ஆர்வம் வடிந்துவிட்டது. அப்போது நல்ல விலை கொடுத்து வாங்கிய பெரிய எட்சிங்குகள் மாடி அறைக்கும் கொட்டகைக்கும் போயின. பணத்தின் மதிப்பு மாறியதைக் கணக்கில் எடுத்தால், அன்று வாங்கியவர் கொடுத்ததைவிடக் குறைவாகவே இன்றைய ஏலத்தில் பல படங்கள் போகின்றன. நிலா, ஓடை, வைக்கோல்போர், வீடு திரும்பும் ஆடுகள் என்று வரவேற்பறைக்காகவே செய்த படங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன.

ஆனால் அந்தக் குவியலுக்குள்ளேயே உண்மையான கலை இருக்கிறது. மேரி நிம்மோ மோரனை நான் முதலில் சொல்வேன். ஸ்காட்லாந்தில் 1842இல் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். மேற்கு அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் வரைந்து பெயர்பெற்ற தாமஸ் மோரனை மணந்தார். 1879இல் கணவர் பயணம் கிளம்பும் முன், பூச்சுப் பூசிய ஆறு தகடுகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேரி அவற்றை எடுத்துக்கொண்டு வெளியில் போய், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊர்ப்பக்கம் மரத்தையும் ஆற்றையும் பார்த்தபடியே நேராகத் தகட்டில் கீறினார். கூடத்தில் உட்கார்ந்து நகலெடுத்த பதவிசு அதில் இல்லை. கோடு முரட்டுத்தனமாக ஓடும், காற்று அடிப்பது தெரியும். லண்டனில் தொடங்கிய ஓவிய-எட்சிங் சங்கம் 1881இல் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. எம். என். மோரன் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால், பெண் என்பதே முதலில் அவர்களுக்குத் தெரியாது. அந்த முதல் உறுப்பினர்களில் அவர் ஒருவரே பெண். லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் குடியேறி, அந்த ஊரின் குட்டைகளையும் மணல்மேடுகளையும் தகடுகளாக்கினார். டைபாய்டு கண்ட மகளுக்குப் பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் 1899இல் இறந்தார்.

இவ்வளவு பெரிய கலைஞரின் தாள்களில் பல இன்றும் ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்குள் கிடைத்துவிடுகின்றன. விலை கலையின் தரத்துக்கு அளவுகோலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. ஏலக்கணக்கு எழுதும்போது மதிப்பீட்டாளர் தன் ரசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, சந்தை என்ன கொடுத்தது என்பதையே எழுத வேண்டும். ஆனால் வாங்குகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இதற்கு மறுகோடியில் இருப்பவர் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் 1834இல் பிறந்தவர். எட்சிங் வேலையைக் கற்றது வாஷிங்டனில், அரசின் கடற்கரை அளவைத் துறையில். 1854-55இல் சில மாதம் அங்கே வேலை பார்த்தார். கலிபோர்னியாவின் அனகாபா தீவை வரைந்த தகட்டில், கேட்காமலேயே கடற்பறவைக் கூட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அந்தத் தகடு அரசு அறிக்கையோடு சேர்ந்து பெரிய அளவில் அச்சானது. ஆகவே விஸ்லரின் கை பட்ட அந்தப் பறவைகளை இன்று எளிய விலைக்கே வாங்கலாம். இருபத்தைந்து வருடம் கழித்து, திவாலான நிலையில், லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலைக்கூடம் கொடுத்த ஒப்பந்தத்தோடு 1879 செப்டம்பரில் வெனிஸ் போனார். பன்னிரண்டு தகடு செய்து வரவேண்டும் என்பது பேச்சு. பதினான்கு மாதம் தங்கி சுமார் ஐம்பது தகடுகளோடு திரும்பினார். அந்த வெனிஸ் தாள்களில் நல்ல பிரதி பல்லாயிரம் டாலருக்குப் போகிறது.

ஏன் என்று பார்த்தால், அவர் அச்செடுத்த விதத்தில் காரணம் இருக்கிறது. வழக்கமாகத் தகட்டின் மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைப்பார்கள். விஸ்லர் மையின் ஒரு மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார். நாக்டர்ன் என்ற இரவுக் காட்சித் தகட்டில், கோடுகள் குறைவு. வானமும் நீரும் முழுக்க அந்தத் துடைப்பில்தான் இருக்கின்றன. ஒரு தாளில் விடிகாலை போலவும், இன்னொன்றில் நள்ளிரவு போலவும் வரும். எந்த இரண்டு பிரதியும் ஒன்றில்லை. பழைய டச்சுத் தாள்களைத் தேடித் தேடி வாங்கி அவற்றில் அச்செடுத்தார். ஓரங்களைத் தகட்டுத் தடம் வரை வெட்டிவிட்டு, கீழே ஒரு சிறு நாக்கு மட்டும் விட்டு, அதில் தன் கையெழுத்தான பட்டாம்பூச்சி அடையாளத்தைப் பென்சிலால் போடுவார். பக்கத்தில் ‘இம்ப்’ என்ற சுருக்கம் இருந்தால், தானே அச்செடுத்தேன் என்று பொருள். ஓரம் வெட்டுப்பட்ட படத்துக்கு விலை குறையும் என்பது பொது விதி. அந்த விதியை விஸ்லரிடம் கொண்டுபோனால் பெரிய தவறாகிவிடும்.

ஓவியர் தகட்டில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்று குறிப்பார்கள். ஒரு படகு சேர்ந்தால் இரண்டாம் நிலை, கரையில் நிழல் கூடினால் மூன்றாம் நிலை. முக்கியமான ஓவியர்களுக்கு ஒவ்வொரு தகட்டின் நிலைகளையும் விவரிக்கும் முழுப் பட்டியல்கள் உண்டு. விஸ்லரின் எட்சிங்குகளுக்கு எட்வர்ட் கென்னடி 1910இல் வெளியிட்ட பட்டியலின் எண்களைத்தான் ஏலக்குறிப்புகள் இன்றும் சொல்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் புதிய பட்டியலும் இருக்கிறது. கையில் உள்ள தாளை அந்த விவரத்தோடு கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்க்காமல் விலை சொல்வது கண்ணை மூடிக்கொண்டு தராசு பிடிப்பதற்குச் சமம்.

தகடு தேய்ந்தபிறகு எடுக்கும் பிரதிகள் பற்றி ஒரு சோகமான சம்பவம் உண்டு. மேரி கசாட் பென்சில்வேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1890-91இல் அவர் செய்த பத்து வண்ண அச்சோவியங்கள், ஒவ்வொன்றும் 25 பிரதிகள், அமெரிக்கர் ஒருவர் செய்த அச்சோவியங்களில் உச்சம் என்று நான் நினைக்கிறேன். லெராய் என்ற அச்சாளருடன் சேர்ந்து தானே மை தேய்த்து எடுத்த தாள்கள் அவை. முதுமையில் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட நிலையில், 1923இல் வீட்டில் பழைய டிரைபாயிண்ட் தகடுகள் சில கிடைத்தன. இதுவரை அச்சாகாதவை என்று நம்பி, பிரதிகள் எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பொறுப்பாளர் வில்லியம் ஐவின்ஸ், இவை முன்பே அச்சானவை, தகடு தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். கசாட்டால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வாழ்நாள் தோழி லூயிசின் ஹேவ்மையரோடு இருந்த உறவே அதில் முறிந்தது. தகட்டைச் செய்த கையே ஏமாந்துபோகிற இடம் இது. தாளில் பிசிறின் மென்மை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்த கண் அவ்வளவு முக்கியம்.

கல்லச்சுப் படங்களுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மையால் வரைந்து அச்சடிக்கும் இந்த முறையில் தகட்டுத் தடம் விழாது. அமெரிக்காவில் இதன் பெரிய பெயர் கரியர் & ஐவ்ஸ். நத்தானியல் கரியர் 1830களின் நடுவில் நியூயார்க்கில் தொடங்கிய தொழில், 1857இல் ஐவ்ஸ் பங்காளியானபின் அந்தப் பெயரில் 1907 வரை நடந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பனிக்கால கிராமம், ரயில், நீராவிப் படகு, குதிரைப் பந்தயம், தீ விபத்து என்று நாட்டின் அன்றாடமே அவர்கள் கல்லில் ஏறியது. பெரும்பாலானவை கருப்பில் அச்சாகி, பெண் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வண்ணம் தீட்டிக் கைமாற்றிக் கொடுத்தவை. சிறிய படம் சில பத்து சென்டுக்கும், பெரியது சில டாலருக்கும் விற்றது. இன்றும் அளவுதான் முதல் கேள்வி. சிறிய அளவுப் பக்திப்படத்துக்கோ குழந்தை முகத்துக்கோ வாங்க ஆள் அதிகமில்லை. கரடியோடு வேடன் போராடும் ‘எ டைட் ஃபிக்ஸ்’, 1861இன் பெரிய அளவுப் படம், பல்லாயிரம் டாலர் பார்த்திருக்கிறது. காட்சிக்குக் கிராக்கி, பெரிய அளவு, மங்காத வண்ணம் மூன்றும் சேர வேண்டும்.

கரியர் & ஐவ்ஸ் படங்களைப் போல மறுபதிப்பு கண்டவை குறைவு. 20ஆம் நூற்றாண்டில் காப்பீட்டு நிறுவனக் காலண்டர்களிலேயே ஆண்டுக்கணக்காக வந்தன. அதனால் மூன்று சோதனை: லென்ஸில் புள்ளி வரிசை தெரிகிறதா, படத்தின் அளவு பட்டியலில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா, கீழே அச்சிட்ட முகவரி அந்தப் படத்தின் காலத்துக்குப் பொருந்துகிறதா. கடை பல முறை இடம் மாறியதால் முகவரியே தேதி சொல்லிவிடும்.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஆசை பொங்கும். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் அவர் படங்கள் மரச்செதுக்கு அச்சாக வந்தன. 1862 நவம்பரில் வந்த மரக்கிளையில் குறிபார்க்கும் துப்பாக்கி வீரர், 1873இன் சிறுவர் விளையாட்டு எல்லாம் அவற்றில் சேரும். வாரத்துக்கு லட்சம் பிரதிக்கு மேல் போன இதழ் அது. ஆகவே விலை எளிது, ஓரிரு புகழ்பெற்ற காட்சிகளைத் தவிர. இவை கருப்பு வெள்ளையில் வந்தவை. வண்ணத்தோடு காணப்பட்டால் பிற்காலத்தில் யாரோ தீட்டியது. அதே ஹோமர் 1880களில் தன் கையால் செய்த பெரிய எட்சிங்குகள், ‘எய்ட் பெல்ஸ்’ போன்றவை, முற்றிலும் வேறு தரம். அவற்றை நியூயார்க்கில் கிளாக்னர் என்ற பதிப்பாளர் விற்றார். ஹோமர் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, அவரும் விட்டுவிட்டார். அவர் வாழ்நாளில் எடுத்த, கையெழுத்துள்ள பிரதி என்றால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

ஒரே படம் பல வடிவில் சுற்றுவதற்கு, பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் பறவைகளே பெரிய உதாரணம். ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் 435 தகடுகள் 1827 முதல் 1838 வரை வெளிவந்தன. முதல் பத்தை எடின்பரோவில் லிசார்ஸ் தொடங்கினார், மீதி லண்டனில் ராபர்ட் ஹாவெல் செய்தது. அமெரிக்கப் பறவைகள், அமெரிக்க ஓவியர், ஆனால் அச்சு பிரிட்டனில். சுமார் 39 அங்குல உயரத் தாள், கையால் தீட்டிய வண்ணம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ‘ஜே வாட்மன்’ என்ற தாள் தயாரிப்பாளரின் நீர்க்குறியும் வருடமும். முழுத் தொகுப்பு ஒன்று 2010இல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டுக்குப் போனது. தனித் தாள்களில் பூநாரை போன்ற பெரிய பறவைகள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், சின்னக் குருவிகள் சில ஆயிரத்தில் நிற்கும். அதே பறவை, 1840-44இல் பிலடெல்பியாவில் சிறிய அளவுக் கல்லச்சாக ஏழு தொகுதிகளில் வந்தது. 1858 முதல் ஜூலியஸ் பியென் நியூயார்க்கில் பெரிய அளவில் வண்ணக் கல்லச்சாகப் போடத் தொடங்கினார், உள்நாட்டுப் போர் வந்து பாதியில் நின்றது. 1970களில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நல்ல நகல் பதிப்பு வந்தது. கடைசியில் எண்ணிலடங்காத சுவரொட்டிகள். பெயர்ப்பலகையில் எல்லாவற்றுக்கும் ‘ஆடுபான்’ என்றே இருக்கும். தாளைத் தொட்டு, அளந்து, வெளிச்சத்தில் பார்த்துத்தான் எது எது என்று பிரிக்க வேண்டும்.

இனி உடம்பு நிலை. தாள் ஓவியங்களின் விலையை இதைப்போல அடிப்பது வேறில்லை. மலிவான அட்டைச் சட்டத்தின் உள்விளிம்பு பட்ட இடத்தில் பழுப்புச் சதுரம் ஒன்று விழும். ஈரத்தால் துருப்புள்ளி போலப் பூஞ்சைப் புள்ளிகள் வரும். வெயில் பட்டால் தாள் கருக்கும், கைவண்ணம் வெளுக்கும். ஒட்டுநாடாவின் பசை மஞ்சளாக ஊறிவிடும். ஆனால் எல்லாக் கேடும் ஒன்றில்லை. கறையையும் பழுப்பையும் தாள் பாதுகாப்பு நிபுணர் பெரும்பாலும் குறைக்க முடியும். வெளுத்துப்போன வண்ணம் திரும்பாது. வெட்டிப்போட்ட ஓரமும் திரும்பாது. அட்டையில் முழுசாக ஒட்டிய தாளைப் பிரிப்பது சில நேரம் படத்தின் விலையைவிட அதிகச் செலவு வைக்கும். 300 டாலர் எட்சிங்குக்கு 500 டாலர் சிகிச்சை வேண்டுமா என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டி வீட்டுப் படம் என்றால் நான் செய்யச் சொல்வேன். விற்பதற்கு என்றால், அப்படியே கொடுத்துவிடுவது மேல். வீட்டில் ரொட்டித் துண்டாலோ பிளீச்சாலோ துடைப்பது மட்டும் கூடவே கூடாது.

இத்தனையும் பார்த்தபிறகும் மதிப்பு என்பது ஒற்றை எண்ணாக வராது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். காப்பீட்டுக்கு என்றால், அதே தரமான இன்னொன்றைக் கேலரியில் போய் வாங்க என்ன ஆகும் என்று கணக்கிடுவார்கள். அது உயரமான எண். வாரிசு வரிக்கும் நன்கொடைக்கும், விருப்பமுள்ள வாங்குபவரும் விருப்பமுள்ள விற்பவரும் வற்புறுத்தல் இல்லாமல் சந்திக்கும் விலையே கணக்கு. பெரும்பாலும் ஏல முடிவுகளை வைத்து அது வரும், காப்பீட்டு எண்ணைவிட நன்றாகக் கீழே இருக்கும். அவசரமாக விற்றால் கையில் கிடைப்பது இன்னும் குறைவு, தரகும் போகும். காப்பீட்டுச் சான்றிதழில் 2,000 டாலர் என்று பார்த்துவிட்டு, ஏலத்தில் 600 வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமுகிறவர்கள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டும் இரண்டு கேள்விக்கான விடைகள்.

அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கலைப்பொருளை நன்கொடையாகக் கொடுத்து வரிச்சலுகை கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்கிறவரிடம் போகக் கூடாது. எண் ஏற ஏற அவருக்குக் கூலி ஏறும் என்றால், அந்த எண்ணை எப்படி நம்புவது? மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ கூலி பேசுகிறவரே சரி. நீங்களே முதலில் பார்க்க விரும்பினால், விற்பனைக்கு வைத்துள்ள படங்களின் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். யாரும் வாங்காமல் வருடக்கணக்கில் தொங்கும் விலைகளும் அங்கே இருக்கும். முடிந்துபோன ஏலங்களின் விற்ற விலையைத் தேடுங்கள். அதிலும் அதே நிலை, அதே தாள், கையெழுத்து இருக்கிறதா, ஓரம் எப்படி என்று பொருத்திப் பாருங்கள்.

மறுபடி அந்தப் பின்பக்கத்துக்கு வருகிறேன். பழைய சட்டத்தைக் கழற்றும்போது மரப்பலகையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அமிலப் பலகை தாளைத் தொடக்கூடாது என்பது சரிதான். ஆனால் அதில் நியூயார்க்கின் கெப்பல் என்ற அச்சோவியக் கடையின் சீட்டு ஒட்டியிருக்கலாம், யாரோ மையால் எழுதிய பெயரும் வருடமும் இருக்கலாம். தாளின் மூலையில் சேகரிப்பாளரின் சின்ன முத்திரை இருந்தால், ஃபிரிட்ஸ் லூக்ட் 1921இல் தொகுத்த முத்திரைப் பட்டியலில் அது யாருடையது என்று தேடலாம். கீழ் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் பென்சில் எண், அந்தக் காலத்துக் கடைக்காரரின் சரக்கு எண்ணாக இருக்கலாம். அதை ரப்பர் வைத்து அழித்துவிடாதீர்கள். சீட்டைப் பலகையோடு படமெடுத்து, முடிந்தால் பிரித்து ஓர் உறையில் போட்டு, அமிலமில்லாத புதுப் பின்பக்க அட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து இந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கப் போகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.